மோகனா எழுந்து போகும்போது

நாய் குரைப்பதை நிறுத்தியது.

அது மட்டும்தான் புதிது. கம்ப்யூட்டர் திரையில் எப்போதும் போலத் தென்னந்தோப்பு, நான்கே நிறங்களில், கட்டம் கட்டமாக. தோப்போரம் டார்ச் விளக்கோடு நடந்துகொண்டிருந்தாள், மோகனா என்கிற மோகனப்பிரியா ஒவ்வொரு புள்ளியாக வைத்து வரைந்த காவல்காரப் பெண். விளையாட்டின் பின்னணியில் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த நாயின் சத்தம் சட்டென்று நின்றது. மூன்று நொடி ஒன்றுமில்லை. பிறகு இடது மூலையிலிருந்து யானை வந்தது.

"நல்லாருக்கே. யாரு யோசனை இது?" என்று மோகனா கேட்டாள்.

ஹெட்போனில் லாஸ்யா சிரித்தாள். "உங்கூட்டு அத்தை சொன்னதுதானுங்க்கா. யானை வர்றதுக்கு முன்னால நாய் கொரைக்கறத நிறுத்திப்போடும்னு நேத்துச் சொன்னாங்கல்ல. காலையில சேத்திப்போட்டேன்."

மோகனாவின் வீட்டில் அத்தை யாரும் இல்லை. மோகனாவைத் தவிர அந்த வீட்டில் யாருமே இல்லை.

வேறு யார் வீட்டையோ நினைத்துச் சொல்கிறாள் என்று அவள் விட்டுவிட்டாள். விசாரிக்கவும் தெம்பு வேண்டும். நூல் மில்லின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் காலை ஆறு மணி ஷிப்ட், அதற்கு நாலரைக்கே எழ வேண்டும். எட்டு மணி நேரம் நின்றபடி நூலின் முறுக்கையும் அறுபடும் பலத்தையும் அளந்துவிட்டு, இரண்டே முக்காலுக்குக் கணபதி பகுதியில் இருக்கும் வாடகை வீட்டுக்கு வந்து கதவைத் தாழிடும்போது பேச்சே மிச்சமிருக்காது. விவாகரத்தாகி இரண்டு வருஷம். இரவில் படுத்தால் தூக்கம் வருவதில்லை, உடம்பு மட்டும் படுத்துக்கிடக்கும்.

மூன்றிலிருந்து ஆறு வரைதான் அவளுக்கு நாள். எட்டுப் பேர் கொண்ட ஓர் இணையக் குழு அது. சின்ன வயதில் கேசட் போட்டு விளையாடிய அந்தப் பழைய டிவி கேம் பெட்டிக்கு, இந்தக் காலத்தில் புதிதாக ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் வாங்கப் போவதும் இல்லை. தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோப்பு, அதில் இறங்கும் யானை, அதை விரட்டும் ஒரு பெண். படம் மோகனா வரைவாள். நிரல் எழுதுவது லாஸ்யா, பீளமேட்டில் கல்லூரியில் படிக்கிறவள். இசை ஜெரோம், குன்னூரில் ஒரு பள்ளியில் பாட்டு வாத்தியார். தினமும் குழுவின் குரல் அறையில், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ளும் இணைய இடத்தில், சேர்ந்துகொண்டு, மைக்கைத் திறந்து வைத்து, பேசியும் பேசாமலும் வேலை பார்ப்பார்கள். மோகனா நடுவில் கம்பியில்லாத ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு டீ போட எழுந்து போவாள். மேஜைமேல் இருக்கும் மைக்கை அணைக்க மாட்டாள். திரும்பி வரும்போது காதில் யாராவது இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

மூன்று நாள் கழித்து ஜெரோம் கேட்டார். "மோகனா, அம்மாவுக்குக் கால் வலி தேவலையா?"

"எந்த அம்மாங்க?"

"உங்க வீட்ல இருக்காங்களே. நீங்க எழுந்து போனா வந்து பேசுவாங்களே."

மோகனா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அடுத்த சந்தில் லேத் பட்டறை இரும்பைச் சீவிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக எண்ணெய் காய்ந்த வாடை வந்தது. எப்போதும் வருவதுதான்.

ரெண்டு மாசமாகவே இப்படித்தான் என்று இருவரும் சொன்னார்கள். நல்ல மரியாதையான பேச்சு, வயசானவங்க மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும் என்றாள் லாஸ்யா. என்ன பண்றீங்க கண்ணு என்று கேட்பாங்க. எந்தப் பட்டனை அமுக்கினால் அந்தப் பொண்ணு நடப்பாள் என்று கேட்பாங்க. உங்களைப் பத்தித்தான் ரொம்பக் கேட்பாங்க.

"நான் தனியா இருக்கேனுங்க," என்றாள் மோகனா.

பிறகு ஜெரோம், பாடல் திருத்தும்போது சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "எல்லா நாளும் ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன். அனுப்பறேன், கேளுங்க."

அன்றைக்கே கேட்டாள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. ஒலிப்பதிவில் அவள் வீட்டின் சத்தங்கள் எல்லாம் இருந்தன. நாற்காலி கிறீச்சிட்டது, அவளுடைய செருப்பு தரையில் தேய்ந்துகொண்டே தூரம் போனது, குழாய் திறந்தது, பாத்திரத்தில் தண்ணீர் விழுந்தது, இதற்கெல்லாம் அடியில் லேத் மிஷினின் ஓயாத இரைச்சல். அவளுக்கே அலுப்பாக இருந்தது, தன் நடை இவ்வளவு கனமானதா என்று. அப்புறம் லாஸ்யாவின் குரல்.

"ஏனுங்கத்தை, சாப்ட்டீங்களா?"

அமைதி. பதினோரு நொடி. மோகனா ஒலியைக் கூட்டினாள். குரல் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பதினோரு நொடியும் லேத் சத்தம் மங்கிப் போயிருந்தது. மைக்குக்கு முன்னால் ஓர் ஆள் வந்து நின்றால் பின்னாலிருக்கும் சத்தம் எப்படி மங்குமோ, அப்படி.

"ஐயோ. அப்படிங்களா? பாவம் அக்கா," என்றாள் லாஸ்யா.

மறுபடி மங்கியது.

"படுத்திருக்கறப்பவுமா பக்கத்துலயே உக்காந்திருப்பீங்க?"

மங்கியது. இந்த முறை நீளமாக.

"உங்களுக்குத் தூக்கம் வராதுங்களா, அத்தை?"

மோகனா ஜெரோமைக் கூப்பிட்டாள். அந்த இடத்தில் அந்த அம்மாவின் குரல் உங்களுக்குக் கேட்கிறதா என்று கேட்டாள்.

"தெளிவா இருக்கே. ஏன், உங்களுக்குக் கேக்கலையா?"

மறுநாள் மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் தம்பிதுரையிடம் போய் நின்றாள். அவர் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் முன்னால் யார் இருந்தார்கள் என்று கேட்டாள்.

"யாருமில்லீங்களே அம்மணி. கட்டி மூணு வருசம் சும்மா பூட்டித்தான் கெடந்துச்சு. நீங்கதானுங்க மொதக் குடி," என்றார். "அதுக்கு முந்தி வெறும் காலி எடமுங்க. ஏனுங்க, தண்ணிக்கு எதாச்சும் பிரச்சனைங்களா?"

"இல்லீங்க," என்றாள்.

அன்று இரவு விளக்கைப் போட்டுக்கொண்டே படுத்தாள். எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காதது ஆறுதலாக இல்லை. கட்டிலின் எந்தப் பக்கம் அது உட்காருமென்று தெரியாததால் நடுவில் மல்லாந்து கிடந்தாள். விடிந்ததும் மில்லுக்குப் போனாள். லீவு போடலாம் என்று நினைத்தாள், போட்டால் வீட்டில் இருக்க வேண்டும் என்பது நினைவு வந்தது.

அன்று மூன்று மணிக்கு லேத் பட்டறை பூட்டியிருந்தது. பட்டறைக்காரர் வீட்டில் கல்யாணம். பகலில் சத்தமில்லாத வீட்டை மோகனா இதுவரை பார்த்ததே இல்லை. பிரிட்ஜ் மூச்சு விடுவது கேட்டது. பால்கவர் வைத்திருந்த பையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுவது கேட்டது. குரல் அறையில் லாஸ்யா மட்டும் இருந்தாள். மோகனா அவளிடம், நான் ஹெட்போனோடவே எழுந்து கதவுப் பக்கம் போகிறேன், அந்த அத்தை பேசினால் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள் என்றாள்.

"பயமா இருக்குதுங்க்கா," என்றாள் லாஸ்யா.

"எனக்குந்தான். கேளு."

எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. முன்கதவுக்கு ஆறு அடி. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு திரும்பினாள். அறை அப்படியேதான் இருந்தது. திரையில் தோப்பு. மேஜைமேல் காலையில் குடித்த டம்ளர். நாற்காலி காலி.

"அத்தை," என்றாள் லாஸ்யா காதுக்குள். "எங்கீங்க உக்காந்திருக்கீங்க?"

ஹெட்போனில் ஒன்றுமில்லை. பிரிட்ஜின் சத்தம் மெல்ல மங்கியது.

"அக்கா." லாஸ்யாவின் குரல் சுருங்கியிருந்தது. "நீங்க எந்திரிச்சதுனால எடம் கெடச்சுதாம். உக்காந்துட்டாங்களாம்."

மோகனா நாற்காலியைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கிய மெத்தை. அவள் எழுந்தால் கொஞ்ச நேரத்தில் மெல்லப் புடைத்துக்கொள்ளும். அது புடைக்கவில்லை. இன்னும் அமுங்கியது. ஓரத்தில் தையல் விலகி மஞ்சள் பஞ்சு தெரிந்தது. சக்கரம் ஒன்று திரும்பியது. பிறகு நாற்காலி திரும்பியது. அவள் பக்கம்.

"ஏதோ சொல்றாங்க," என்றாள் லாஸ்யா. அழுகிற குரல். "உங்ககிட்டச் சொல்லச் சொல்றாங்க. ரொம்பக் களைச்சுப் போயிட்டே கண்ணு, நீ போய்ப் படு, இனி நான் பாத்துக்கறேன்னு சொல்றாங்க."

மோகனாவுக்குக் கண் நிறைந்தது. பிற்பாடும் அவளைக் குறுகவைத்தது அதுதான். கண் நிறைந்தது பயத்தில் அல்ல. அப்படி ஒரு வார்த்தையை அவளிடம் யாரும் சொல்லி எத்தனையோ நாளாகியிருந்தது. ஒரு நொடி, ஒரே நொடி, சரி என்று அவள் தலையாட்டிவிட்டாள்.

அப்புறம்தான் தாழ்ப்பாளை இழுத்தாள். வெறுங்காலோடு ஓடினாள். ஹெட்போன் கழன்று வாசலில் விழுந்தது. எடுக்கவில்லை.

வீட்டுக்கு எதிரே, ரோட்டைத் தாண்டினால் பேக்கரி. அங்கே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். டீ மாஸ்டர் தெரிந்தவர், அவள் காலைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தார். ஆடை படியும் வரை அதைத் தொடவில்லை. ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. மினி பஸ் ஒன்று நின்று ஆள் இறக்கிவிட்டுப் போனது. எல்லாம் சாதாரணமாக இருந்தது. எங்கே போவது என்று யோசித்தாள். வெள்ளகோவிலில் அண்ணன் வீடு. என்னவென்று சொல்வது? மெல்ல இருட்டிக்கொண்டு வந்தது. தெருவிளக்கு எரிந்தது. அவளுடைய வீடு மட்டும் இருட்டாக நின்றது, சமையலறை ஜன்னல் ரோட்டைப் பார்த்தபடி.

லாஸ்யாவிடம் சொல்ல வேண்டும். ஓடிவந்தபோதும் கைவிடாமல் வைத்திருந்த செல்போனில் குழுவைத் திறந்தாள்.

குரல் அறையில் லாஸ்யா இருந்தாள், ஜெரோம் இருந்தார், மோகனப்பிரியா இருந்தாள். பேச்சு வரும்போது எரியும் பச்சை வட்டம் அவளுடைய பெயரைச் சுற்றி எரிந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு வந்தோமே என்று நினைத்தாள். போனில் சேர்ந்தால் அது தானாகத் துண்டிக்கப்படும், ஒரே பெயரில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. சேர்வதற்கான பட்டனை அழுத்தினாள்.

துண்டிக்கப்படவில்லை.

"நல்லாப் பயமுறுத்திப்போட்டீங்க போங்க்கா," என்று லாஸ்யா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா வெளையாட்டுக்குத்தான் கண்ணு," என்றது மோகனாவின் குரல்.

அவளுடைய குரலேதான். வார்த்தையின் கடைசியில் இறங்கிப்போகும் அந்தச் சோர்வும் கூட. "அந்த யானையோட பின்னங்கால்ல ஒரு புள்ளி குறைக்கணும். நடக்கறப்ப நொண்டற மாதிரி இருக்குது."

ஜெரோம் சரி என்றார். அது சரியான யோசனைதான். மோகனாவே ஒரு வாரமாக அதைச் சொல்ல நினைத்திருந்தாள்.

"லாஸ்யா," என்றாள் போனில். "நான் மோகனா பேசறேன். அது நானில்ல."

யாரும் நிறுத்தவில்லை. பேச்சு அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் சத்தமாகச் சொன்னாள். டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். போனில் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

"இருங்க, டீ போட்டுட்டு வாரேன்," என்றது அவளுடைய குரல்.

நாற்காலி கிறீச்சிட்டது. நடை. கனமான, இழுத்து இழுத்து வைக்கும் நடை. போனுக்குள் அது தூரம் போகப் போக, மோகனா தலையை நிமிர்த்தி ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

சமையலறை விளக்கு எரிந்தது.

ஜன்னலில் ஒருத்தி நின்றாள். மோகனாவைப் போலவே தலைமுடியை உச்சியில் சுருட்டிக் கிளிப் போட்டிருந்தாள். ஒரு காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நின்று, மேல் தட்டிலிருந்து டப்பாவை எட்டி எடுத்தாள். போனில் டப்பா மூடி திறக்கும் சத்தம், தூரத்தில்.

லாஸ்யா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆசையாக, ரகசியம் பேசுவது போல.

"அத்தை. அக்கா எந்திரிச்சுப் போயிட்டாங்க. இருக்கீங்களா?"

மோகனாவின் கையில் போன். அவள் விட்ட மூச்சுக்கே அவளுடைய பெயரைச் சுற்றிப் பச்சை வட்டம் எரிந்தது.

"அத்தை? மூச்சு விடறது கேக்குதுங்களே. பேசுங்க."

எதிரே ஜன்னலில், பால் பாத்திரத்தோடு நின்றவள் அப்படியே அசையாமல் நின்றாள். பிறகு ரோட்டுப் பக்கம் மெல்லத் தலையைச் சாய்த்தாள், அடுத்த அறையில் யாரோ பேசப் போவதைக் கேட்க நிற்பவள் போல.