குரல் நடந்து வந்த தூரம்

அந்த எஸ்டேட்டில் யாரும் யாரையும் வாய்விட்டுக் கூப்பிடுவதில்லை என்பது காசிமாயனுக்கு முதலில் உறைக்கவில்லை. ஜீப்பிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னால் காவல்காரர் ராமர் ஒரு தகரத்தைத் தட்டினார். கீழே ஓடைப் பக்கமிருந்து இன்னொரு தகரச் சத்தம் பதிலுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் ராமரின் மனைவி விறகுக் கட்டோடு ஏலச்செடிகளுக்குள்ளிருந்து மேலே ஏறி வந்தாள்.

"என்னண்ணே, பேர் சொல்லிக் கூப்பிட்டா வரமாட்டாகளா?" என்று காசிமாயன் சிரித்தான்.

ராமர் சிரிக்கவில்லை. "இங்கிட்டு அப்பிடிக் கூப்பிடுற வழக்கமில்லண்ணே." தகரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை ஒரு பார்வை பார்த்தார். "மஞ்சு எறங்குறதுக்குள்ள சோலிய முடிச்சிருங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆட்களெல்லாம் சந்தைக்குப் போயிருந்தார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. அடுத்த வாரம் எஸ்டேட் கோயில் பொங்கல். காசிமாயனின் நிகழ்ச்சிதான் அதில் பெரிய விசேஷம்.

காசிமாயனுக்குப் போடியில் மைக், ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் ரேடியோ செட் கடை. கல்யாணம், காதுகுத்து என்று ஓடிக்கொண்டிருந்த தொழிலில் அவனுக்குப் புது யோசனை வந்தது, மனைவி குருவம்மாளின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து சில கேசட்டுகளைக் கொண்டுவந்த பிறகுதான். அவற்றில் பாடுகிறவர் குரலே கிடையாது, வாத்தியம் மட்டும். செட்டை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போவது, கேசட்டை ஓடவிட்டு மைக்கை அங்கிருக்கிற ஜனங்கள் கையிலேயே கொடுத்துவிடுவது. முதலில் குருவம்மாள் ஒரு பாட்டுப் பாடிக் கூச்சத்தைப் போக்குவாள். அப்புறம் காய் பறிக்கிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு முன்னால் வருவார்கள். தங்கள் குரல் வாத்தியத்தோடு சேர்ந்து குழாயில் வருவதைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

குறை ஒன்றுதான். வாத்தியம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று ஒட்டாமல் நின்றது. அதற்காகத்தான் இரண்டையும் கலந்து கொடுக்கிற மிக்சர் வாங்கினான். குரலை எதிரொலிக்கவைக்கும் எக்கோ மெஷினும் வேண்டும் என்று மதுரைக் கடையில் கேட்டபோது, இரண்டைக் கொடுத்து, கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்றில் உள்ளே ஸ்பிரிங்குகள் கட்டியிருந்தன. இன்னொன்றில் வளையமாக ஒட்டிய டேப் சுற்றிச் சுற்றி ஓடும். கடைக்குள் எதைப் போட்டாலும் நன்றாகத்தான் கேட்கும். மலையில், திறந்த வெளியில், ஈரக்காற்றில் எது நிற்கும் என்று பார்க்கத்தான் போடிமெட்டு வளைவுகளெல்லாம் ஏறி வந்திருந்தான்.

மெஷின் குருவம்மாளுக்கும் வேண்டியிருந்தது. மைக் இல்லாமலே திருவிழாக் கூட்டத்தின் கடைசி வரைக்கும் எட்டிய குரல் அவளுடையது. போன வருஷம் டைபாய்டு வந்து படுத்து எழுந்தபின் அந்தக் குரல் வரவில்லை. மேலே போகும்போது பழந்துணி கிழிகிற மாதிரி கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் அவள் சிரித்துச் சமாளிப்பாள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் நிற்பாள். காசிமாயனுக்கு அந்த முதுகைப் பார்க்கச் சகிக்காது.

ஸ்டோர் வராந்தாவில் மேஜை போட்டு மிக்சரை வைத்தான். காய் உலர்த்தும் அறையின் சூடும் ஏலக்காயின் காட்டமான மணமும் கதவிடுக்கு வழியாக வந்து முதுகைத் தொட்டன. எதிரே களம். களத்தின் நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு குருவம்மாள், தோளில் பச்சைச் சால்வை. அவளுக்கு அப்பால் சரிவு, மரங்கள், எதிர்மலை. களத்து ஓரத்துப் பாதையில் ஜீப்பு. அதற்குள், அதை ஓட்டிவந்த அவளுடைய சித்தப்பா மகன் மொக்கையன் துண்டை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஸ்பிரிங் மெஷினை முதலில் போட்டான். குருவம்மாள் தானாகக் கட்டிய ஒரு வரியைப் பாடினாள்.

"எறங்கி வாடி மேகமே, என் வாசல் நனையட்டும்..."

குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி இருந்தது. மேஜையைக் கை இடித்தபோது ஸ்பிரிங்குகள் அதிர்ந்து இடி விழுந்ததுபோல் ஸ்பீக்கர் அலறியது. ஜீப்பில் தூக்கிப்போட்டு அலைகிற பிழைப்புக்கு இது ஆகாது. கழற்றி வைத்துவிட்டு டேப் மெஷினை மாட்டினான். குரல் அழகாக மடிந்து மடிந்து வந்தது. ஆனால் ஸ்டோர் கரண்டு ஏறி இறங்கியதில் டேப் தள்ளாடியது. மடிந்து வந்த குரலும் கூடவே தள்ளாடியது. அவன் எக்கோ திருகைச் சுத்தமாக இறக்கினான். முதலில் வெறும் குரலைச் சரிசெய்வோம் என்று நினைத்தான்.

"பாடு குருவு."

பாடினாள். 'நனையட்டும்' என்ற இடத்தில் கிழிந்தது. நிறுத்தி, மூச்சு வாங்கி, எச்சில் விழுங்கினாள். அதற்குப் பிறகு, எதிர்மலையிலிருந்து அந்த வரி திரும்பி வந்தது.

மலை எதிரொலி. காசிமாயன் அதைக் கேட்டு வளர்ந்தவன். தேவாரம் ஊர் மலையடியில் மாடு மேய்க்கிறவர்கள் விளையாட்டாகக் கத்துவார்கள். தூரத்து மலையென்றால் தாமதமாகத் திரும்பும், கிட்டத்து மலையென்றால் உடனே. அதில் பயப்பட ஒன்றுமில்லை. அவன் குனிந்து ஒரு திருகைத் திருப்பிய பிறகுதான் கை நின்றது.

திரும்பி வந்த வரியில் கிழிசல் இல்லை.

"ஏங்க," என்றாள் குருவம்மாள். முகம் மலர்ந்திருந்தது. "கேட்டீகளா? என் பழைய குரலுங்க அது! இந்த மெஷினையே வச்சுக்கிருவோம்."

மெஷினில் எக்கோவை இறக்கித்தான் வைத்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

இந்தமுறை அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே பதில் வந்தது.

காற்று மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். எதிர்மலையைப் பார்த்தான். மலை இல்லை. ராமர் சொன்ன மஞ்சு, மலைமூடும் பனி, அதை விழுங்கிவிட்டுச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. புகையைப்போல் கலையாமல், பஞ்சுப்பொதியைப்போல் மொத்தமாக, ஒவ்வொரு மரமாக மறைத்துக்கொண்டு வந்தது. இலைகளிலிருந்து நீர் சொட்டும் சத்தம் கேட்டது. பூச்சிகள் எப்போது ஓய்ந்தன என்று தெரியவில்லை. வராந்தா ஓரத்தில் ராமர் நின்றுகொண்டிருந்தார். மனைவியின் கையைப் பிடித்திருந்தார்.

"நிறுத்தச் சொல்லுங்கண்ணே," என்றார் மெல்ல, கிட்டத்தட்ட உதட்டசைவில். "பதிலுக்குப் பாட வேணாம்னு சொல்லுங்க. கை சாடை காட்டிச் சொல்லுங்க. கூப்பிடாதீக."

"ஏன், யாரு இருக்கா அங்க?"

ராமர் மனைவியை இழுத்தார். இருவரும் லயத்தை நோக்கி வேகமாகப் போனார்கள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

காசிமாயன் கையை ஆட்டினான். குருவம்மாள் கண்ணை மூடியிருந்தாள். பாடிக்கொண்டிருந்தாள். வரி முடியுமுன்பே, பாதியிலேயே, அந்தக் குரல் வந்து சேர்ந்துகொண்டது. சரிவின் நடுவிலிருந்து. கீழ்மரங்களுக்குள்ளிருந்து. முழுக்குரல், டைபாய்டுக்கு முந்திய குரல், கேட்டுக் கேட்டு அவன் கிறங்கிய அதே குரல்.

தாமதம் குறைகிறது என்றால் தூரம் குறைகிறது. அது அவனுக்குத் தெரியும். தொழிலில் தெரிந்த கணக்கு.

மலை நடந்து வராது.

அவன் மிக்சரை அணைத்தான். ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். சிவப்பு விளக்குகள் அவிந்தன. சுவரில் மாட்டியிருந்த ஒயரையும் பிடுங்கினான். ஸ்பீக்கர் 'டப்' என்று செத்தது. குருவம்மாளின் சொந்தக் குரல் மைக் இல்லாமல் சிறுத்துப்போய், இளைத்துப்போய்க் களத்தில் தனியாகக் கேட்டது. மற்றது குறையவேயில்லை. களத்து ஓரத்திலிருந்து வந்தது. ஏலச்செடிகளின் முதல் வரிசைக்குப் பின்னாலிருந்து.

இப்போது இரண்டும் ஒன்றாகப் பாடின.

எழுத்து பிசகாமல். மூச்சு பிசகாமல்.

களத்தில் இறங்கினான். மஞ்சு அவனுக்கு முன்பே வந்திருந்தது. கணுக்காலில் ஈரம் ஏறியது. குருவம்மாள் நின்ற இடம் ஒரு பச்சைக் கறையாகத் தெரிந்தது. மைக் ஒயர் காலில் சுற்றியது. உதறினான். இன்னும் சுற்றியது.

பாட்டு நின்றது. அவள்தான் நிறுத்தினாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அவளுக்கு முன்னால், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் வெண்மைக்குள்ளிருந்து, அவள் இன்னும் பாடாத அடுத்த வரி கேட்டது. குருவம்மாள் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டாள். கேட்டுவிட்டு அதைத் தன் கிழிந்த குரலில் திருப்பிச் சொன்னாள், பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி.

'குருவு, வா போகலாம்' என்று கூப்பிட நினைத்தான். ராமர் சொன்னது நினைவுக்கு வந்தது. வேறு வழி தெரியவில்லை. வாயைத் திறந்தான்.

"குருவு, வா போகலாம்."

அவன் சொல்லவில்லை.

அவன் வாய் திறந்துதான் இருந்தது. சத்தம் ஜீப்பு நிற்கிற பக்கமிருந்து வந்தது. அவன் குரல். சளி கட்டிய அதே கரகரப்பு. 'குருவு' என்று இழுக்கிற அதே இழுப்பு.

"இந்தா வர்றேங்க," என்றாள் குருவம்மாள். அந்தப் பக்கம் திரும்பி நடந்தாள்.

போகாதே.

நெஞ்சுக்குள் அந்தச் சொல் முட்டியது. தொண்டையைத் தாண்டி வெளியே வந்தபோது வேறாக இருந்தது.

"குருவு, வா போகலாம்," என்றான் காசிமாயன், மிக மெல்ல, ஒரு மூச்சுத் தாமதித்து.

வாயைப் பொத்திக்கொண்டான். ஒயரைப் பிய்த்தெறிந்துவிட்டு ஓடினான். களத்தின் விளிம்பு தெரியாமல் முழங்காலில் விழுந்தான். எழுந்தான். முன்னால் ஜீப்பின் பின்விளக்கு சிவப்பாகப் புகைந்தது. எஞ்சின் கிளம்பியது.

"மாப்ளே, வெரசா வண்டிய எடு. செட்டு இங்கயே கெடக்கட்டும், நாளைக்கு வந்து ஏத்திக்கிருவோம்." அவன் குரல். ஜீப்பின் பின்புறத்துக்கு அருகிலிருந்து.

"சரி மச்சான். அக்கா ஏறிருச்சா?" மொக்கையன் திரும்பிப் பார்த்திருக்கமாட்டான். முன் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துணி கீச்சிடுவது கேட்டது.

குருவம்மாள் பின்பலகையில் கால் வைத்து ஏறினாள். வண்டி ஒருமுறை அழுந்தி நிமிர்ந்தது.

பிறகு இன்னொரு முறை அழுந்தியது.

நிமிரவில்லை.

"ஏறிட்டோம். போ."

காசிமாயன் ஓடினான். மாப்ளே நிறுத்துடா, நான் இங்க இருக்கேன், நான்தான்டா இங்க இருக்கேன். அத்தனையும் நெஞ்சில் இருந்தது. வாயிலிருந்து வந்தது இதுதான்.

"ஏறிட்டோம். போ."

ஜீப்பு நகர்ந்தது. முதல் வளைவுக்காக வேகம் குறைந்தபோது அவன் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டான். தார்ப்பாய் காற்றில் விலகி அடித்தது. உள்ளே எரிந்த மங்கல் விளக்கில் பெஞ்சு தெரிந்தது. குருவம்மாள் ஓரமாக நகர்ந்து, இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாருமில்லை. அவள் முகம் அந்த யாருமில்லாத இடத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கல்யாணமான புதிதில் அவனைப் பார்த்த மாதிரி.

"குளிருதாங்க?" என்று கேட்டாள்.

சால்வையின் பாதியை எடுத்துப் பக்கத்தில் போர்த்தினாள்.

சால்வை கீழே விழவில்லை. ஒரு தோளின் மேல், ஒரு தலையைச் சுற்றி, அப்படியே நின்றது. பிறகு அந்தத் தலை மெதுவாகக் காசிமாயன் பக்கம் திரும்பியது.