ரோஸ் குல்லா

"வீ...ல்!"

பியூட்டி அலறிய அலறலில் போலீஸ் அவுட்போஸ்ட்டின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

லாட்ஜிலிருந்து கான்ஸ்டபிள் கூட்டிவர, உள்ளே கால் வைத்தவள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த நர்ஸைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அலறினாள். அப்புறம்தான் மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள்.

"நீ... நீ..."

"நான்தான்டி... டீச்சர் போயிட்டா."

நர்ஸுக்கு அழுகை வரவில்லை. வார்டில் எத்தனையோ பேரின் கண்களை மூடிவிட்ட கை அது. இன்று தோழியின் கண்களை மூடும்போதும் நடுங்கவில்லை. மரத்துப் போயிருந்தது. குளிரா, துக்கமா... யார் கண்டது!

மூவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஒருத்தி நர்ஸ். ஒருத்தி டீச்சர். மூன்றாமவள் பியூட்டி பார்லர் வைத்திருப்பதால் பியூட்டி.

வருஷக்கணக்காகத் தள்ளிப்போன மலைப் பயணத்தைப் பியூட்டிதான் ஒற்றைக்காலில் நின்று நடத்தினாள். சிக்கனம்தான் சட்டம். ஒரே ரூம், ஒரே சோப்பு! நேற்று சாயங்காலம் பிளாட்பாரக் கடையில் மூன்று குரங்கு குல்லா வாங்கினார்கள். மிஞ்சிப்போன சரக்கு என்பதால் கொள்ளை மலிவு. இரண்டு கறுப்பு... ஒன்று கண்ணைப் பறிக்கும் ரோஸ்.

"ரோஸ் உனக்குத்தான்டி!" என்று பியூட்டியே அதை நர்ஸின் தலையில் மாட்டிவிட்டாள்.

இப்போது நர்ஸின் தலையில் இருப்பது கறுப்பு.

மப்ளர் சுற்றிய இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மறுபடி சொல்லுங்கம்மா. காலையில என்ன நடந்துச்சு?"

"இவளுக்குத் தலைவலி சார். லாட்ஜ்லயே படுத்துட்டா. நாங்க ரெண்டு பேரும் வியூ பாயிண்ட் போனோம். ஒரே பனி... பக்கத்துல நிக்கறவங்க முகமே தெரியலை. டீச்சருக்குக் காதுவலி. என் குல்லா நல்ல தடிமன். அதான்... மாத்திக்கிட்டோம்."

"அப்புறம்?"

"'ஒரு டீ போதும்டி, பாதிப் பாதி குடிச்சுக்கலாம்'னா. நான் போய் வாங்கிட்டு வர்றதுக்குள்ள..."

நிறுத்தினாள். அந்தப் பேப்பர் கப் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. பாதி அவளுடையது. மீதிப் பாதியை யாரிடம் கொடுப்பது?

"தடுக்கி விழுந்திருப்பா சார்!" என்றாள் பியூட்டி படபடப்பாக. "அவளுக்கு எப்பவுமே கண்ணு பொடனியிலதான்!"

"வேலி இடுப்பு உசரம்மா. தடுக்கினா வேலிக்கு இந்தப் பக்கம் விழுவாங்க. அந்தப் பக்கம் போகணும்னா... யாராவது தூக்கி அனுப்பணும்!"



"சார்... என் வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடணும்" என்றாள் நர்ஸ். "மலை ஏறினதிலேருந்து என் செல்லுல டவரே இல்ல."

"அப்ப இங்க வந்தப்புறம் அவர்கிட்ட பேசவே இல்லையா?"

"இல்ல சார்."

"வே... வேணாம்டி!" பியூட்டி குறுக்கே பாய்ந்தாள். "பாவம், அவர் பயந்துடுவார்!"

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

"நம்பர் சொல்லுங்கம்மா. நான் பேசறேன். நீங்க ரெண்டு பேரும் மூச்சு விடக் கூடாது!"

ஸ்பீக்கரில் மணி போனது.

"ஹலோ... யாரு?"

"மலை போலீஸ். பள்ளத்துல ஒரு லேடியோட பாடி கிடைச்சிருக்கு. முகம் அடையாளம் தெரியலை. மூணு பேர் டூர் வந்ததுல ஒருத்தர் உங்க மனைவின்னு லாட்ஜ்ல சொல்றாங்க..."

"ஐயோ! என் தங்கமே!"

நர்ஸ் நிமிர்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளை அவன் தகரம் என்றுகூடக் கூப்பிட்டதில்லை!

"அழாதீங்க சார். உங்க மனைவிதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ஏதாவது அடையாளம்..."

"ரோஸ் குல்லா சார்! ரோஸ் கலர் குரங்கு குல்லா போட்டிருப்பா! அவளேதான் சார்... அவளேதான்!"

தார்ப்பாயின் ஓரத்தில் ரோஸ் கம்பளி கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நர்ஸ் மெல்லத் திரும்பினாள். நேற்று வாங்கிய குல்லா அது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால், 'பார்லருக்கு ஒரு வார்த்தை பேசிட்டு வரேன்' என்று லாட்ஜ் போனைத் தேடிப் போனவள் ஒருத்திதான்.

பியூட்டியின் முகம் பூசியிருந்த பவுடரைவிட வெளுத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு பட்டனை அமுக்கி, இங்கே பேசுவது அந்தப் பக்கம் கேட்காதபடி செய்தார்.

"பொணத்தைப் பார்த்துக் கத்தறவங்களை நிறையப் பார்த்திருக்கேன்மா. உசிரோட இருக்கறவங்களைப் பார்த்துக் கத்தினது நீங்க ஒருத்தர்தான்!"

பியூட்டி தரையில் சரிந்தாள்.

"அவர்தான்... அவர்தான் சார் தள்ளினார்! இவ போயிட்டா நாம ஒண்ணா இருக்கலாம்னார்... நான் குல்லா கலரை மட்டும்தான் சொன்னேன்..."

நர்ஸுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. புருஷனும் போனான், தோழியும் போனாள்... அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தனக்கு வந்த சாவைத் தானே கழற்றி டீச்சரின் தலையில் மாட்டி, காதை நன்றாக மூடிவிட்டதும் அவள்தான். அது மட்டும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் மறுபடி பட்டனைத் தட்டினார்.

"இப்ப எங்க சார் இருக்கீங்க?"

"வீட்டுலதான் சார்!"

ஸ்பீக்கரில், அவன் குரலுக்குப் பின்னால் கண்டக்டர் விசில் சத்தம். 'படியில நிக்காதே, உள்ள ஏறு!' என்று ஒரு குரல்.

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்துக் கையைக் கீழ்நோக்கி வளைத்துக் காட்டினார். மலையிலிருந்து இறங்க ஒரே ரோடு... ஒரே செக்போஸ்ட். கான்ஸ்டபிள் வயர்லெஸ்ஸோடு வெளியே ஓடினார்.

"சார்..." ஸ்பீக்கர் விசும்பியது. "அவ பாடியை எப்ப வாங்கிக்கலாம்?"

நர்ஸ் எழுந்தாள். ஆறிய டீயில் தன் பாதியைக் குடித்தாள். மீதியை ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் வைத்தாள். பிறகு போனருகே குனிந்தாள்.

"அவசரப்படாதீங்க... அதை இன்னும் நான்தாங்க உபயோகிச்சுக்கிட்டிருக்கேன்!"