முன்னறை உத்தரம்

காலைக் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. வாய்கள்தான் ஆறவில்லை.

"ஒத்த ஆளுக்கு ரெண்டு சன்னல் வச்ச முன்னறை! புள்ளத்தாச்சி நான் பின்னறையில வேகுறேன். இது நியாயமா அக்கா?" பவுனம்மாளின் கொழுந்தன் வாசுவின் மனைவி தனலெட்சுமி மூக்கைச் சிந்தினாள்.

பவுனம்மாளின் கணவர் வேலாயுதம் காப்பியைத் தள்ளி வைத்தார்.

"போதும் பவுனு! மூணு வருஷமா அந்த ரூம்ப கட்டிக்கிட்டு அழுவுற. குறட்டை விடுறேன்னு கட்டின புருஷனையே கூடத்துக்குத் தொரத்துனவ நீ! இன்னிக்கே தனத்துக்கு விட்டுடு. தூளி கட்ட உத்தரத்துல கொக்கி அடிக்கச் சொல்லியிருக்கேன்."

"முன்னறை உத்தரத்துலயா? வேண்டாங்க…"

"ஏன் வேண்டாம்?"

அந்த இடத்தில்தான் அவள் வாய்க்குப் பூட்டு.

மூன்று வருஷத்துக்கு முன், பெருவெள்ளம் வடிந்த மறு வருஷம், மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸில் இந்தப் பலகை வீடு மலிவாக வந்தது. ரயில்வே பட்டறையில் பிட்டரான வேலாயுதம், ரசமட்டத்தைக் கொண்டுவந்து தரை சமமா என்று வைத்துப் பார்த்தார், வாசல் திசை பார்த்தார், பஞ்சாங்கமும் பார்த்தார். அண்ணாந்து மட்டும் பார்க்கவில்லை. புது நீலச் சாயத்தின் வாசனையிலேயே பாதி மயங்கியிருந்தார். பவுனம்மாளோ மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்து ஏறி, கொண்டை ஊசியை உருவி முன்னறை உத்தரத்தில் குத்தினாள். இட்டிலியில் இறங்குவதுபோல் முழுசாக இறங்கியது.

"என்னங்க, கரையான்…"

விற்பவர் எதிரில் மானம் போய்விட்டது அவருக்கு. "எந்தம்பி நம்மகூட வந்து இருந்துடுவான்னுதானே குறை சொல்ற? இனிமே இந்த வீட்டப் பத்தி ஒரு குத்தம் சொன்னே, ஒங்கையால ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன்!"

சொன்னதைச் செய்கிற மனுஷர். அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அது. விலையில் குறைந்த பணத்துக்கு, தான் வளர்த்த இரண்டு கறவை மாடுகளையும் அவிழ்த்துக் கொடுத்தாள் பவுனம்மாள். ஊசி மரத்திலேயே தங்கிவிட்டது. குடிவந்த அன்றே, "முன்னறை எனக்குத்தான்" என்று பெட்டியை வைத்துவிட்டாள்.

இன்றோ, சீனத் தச்சர் வந்து முன்னறையில் ஏணியைச் சாத்தினார். தனலெட்சுமி நேர் கீழே நின்று, "இங்க… இங்க…" என்று கைகாட்டினாள். சுத்தியல் உயர்ந்தது.

பவுனம்மாள் பாய்ந்தாள். தனலெட்சுமியை இழுத்து அணைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே வந்து விழுந்தாள்.

"ஐயோ! புள்ளத்தாச்சிய அடிக்கிறாங்களே!"

"அண்ணி!" வாசு கையை ஓங்கிவிட்டான்.

உள்ளே ஒரே அடிதான். மளுக்! தச்சர் சன்னலைப் பிடித்துத் தொங்கினார். உத்தரம் நாலு ஓடுகளையும் இழுத்துக்கொண்டு, பவுனம்மாளின் பாய்மேல் வந்து விழுந்தது.

தச்சர் இறங்கி ஒரு துண்டை உள்ளங்கையில் நொறுக்கினார். மாவாய் உதிர்ந்தது. "ஹபிஸ்லா, தவுக்கே!" எல்லாம் தீர்ந்தது, முதலாளி என்ற அந்த மலாய்ப் பேச்சு, அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது.

மாவுக்குள் துருப்பிடித்த ஒரு கொண்டை ஊசி. வேலாயுதம் அதை எடுத்தார். பாயைப் பார்த்தார்.

"தெரிஞ்சேவா… இதுக்குக் கீழ படுத்த?"

"காலியா விட்டா தனத்தக் கொண்டாந்து படுக்க வச்சிருப்பீங்க. வாயத் தொறந்தா தண்ணி குடிக்க மாட்டீங்க. நான் என்னதாங்க செய்ய?"

"அக்கா…!" தனலெட்சுமி அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். வாசு ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"அழுவாதடி, வயித்துல இருக்கறது பயந்துக்கும். பின்னறையிலயே தூளி கட்டு. அந்த உத்தரத்த மாசாமாசம் குத்திப் பாத்துட்டுத்தான் வரேன். கல்லாட்டம் இருக்கு."

வேலாயுதம் தொண்டையைச் செருமினார். "அப்ப… என்னைக் கூடத்துக்கு அனுப்புனதும் இதுக்குத்தானா? நான் குறட்டையே விடலையா?"

"குறட்டை நெசந்தான்."

சிரிக்கப் போனவர் பாதியில் உடைந்தார். "மரத்த மாத்திடலாம் பவுனு… இந்த மூணு வருஷத்த? நாமளும் ஒரு தூளி கட்டியிருக்கலாமேடி…"

தனத்துக்கென்று வாங்கி வைத்திருந்த தூளித் துணியை அவள் மெல்ல மடித்தாள்.

"ஒரு வாய்த் தண்ணி குடு," என்றார் அவர். "ஒங்கையால."

கொண்டுவந்தாள். அவர் அண்ணாந்து குடித்தார். பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது. ரசமட்டம் வைத்துப் பார்த்த அந்தத் தரையில்.