கூப்பிடு தூரம்

சுற்றுலாக் கப்பல், மலைகளுக்கு நடுவே உள்வாங்கிய கடலான ஃபியோர்டின் கடைசிக் கிளைக்குள் நுழைந்தபோது நிவி மேல்தளத்தில் நின்று வீட்டோடு பேசிக்கொண்டிருந்தாள். கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துவிடும். அதனால் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக் கம்பியோரம் சாய்த்து வைப்பது அவள் வழக்கம். அந்தப் பக்கம் கணவன் குனுக். அவன் மடியில் ஐந்து மாதக் குழந்தை.

"சாலிக், அம்மா பேசுறா பாரு," என்றான் குனுக்.

குழந்தை கிறீச்சிட்டுச் சிரித்தது.

"பால் குடிச்சியாடா, என் தம்பி?" என்றாள் நிவி.

குழந்தை பெண்தான். ஆனால் பெயர் அவளுடைய தம்பியின் பெயர். சாலிக் மார்ச் மாதக் கடைசியில் நாய்வண்டியோடு சீல் வேட்டைக்குப் போனான். நாய்கள் மட்டும் திரும்பின, அறுந்த வாரோடு. உறைந்த கடல் பிளந்து தண்ணீர் கறுப்பாகத் தெரிந்த இடம்வரை வண்டித் தடம் போய் நின்றிருந்தது. அடுத்த வாரம் நிவிக்கு வலி கண்டது. ஊர் வழக்கப்படி, செத்தவர் பெயர் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்குப் போகவேண்டும். ஆணா பெண்ணா என்பது பொருட்டில்லை. பெயரோடு அவரும் வீடு திரும்பிவிடுவார். அதன்பின் நிவிக்கு மகளே தம்பி.

அவள் எதையும் இரண்டு முறை பார்த்துச் செய்கிறவள். துப்பாக்கியில் தோட்டா இருக்கிறதா என்று பார்த்து, பத்து எட்டு நடந்தபின் மறுபடி பார்ப்பாள். பெயர் வைத்த அன்றைக்கும், "உடம்பு கிடைக்கலையே, கொஞ்சம் பொறுக்கலாமா?" என்று கேட்டாள். கேட்டாளே தவிர, பொறுக்கவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெயர் தானாக வாயில் வந்துவிட்டது.

"பேச்சு போதும், கிளம்பு," என்று எனோஸ் படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தான். அவளைவிட மூத்தவன், ஊரில் பெயர்பெற்ற வேட்டைக்காரன், கோடையில் மட்டும் கப்பலில் காவல் வேலை. "உள்ள அத்தனை பேரும் கேமராவத் தொடச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. இவங்க கொடுத்த காசு கரடிக்குத் தெரிஞ்சா, அதுவே சீவிச் சிங்காரிச்சுக்கிட்டு வந்து நிக்கும்."

"உங்களப் பாத்தா திரும்பிப் போயிடும், அண்ணே."

பயணிகள் இறங்குமுன் காவல்காரர்களான அவர்கள் இருவரும் கரைக்குப் போய், கரடி இல்லை என்று உறுதி செய்யவேண்டும். ரப்பர் படகு பனிப்பாறைகளுக்கு நடுவே புகுந்து போனது. உருகும் பனியிலிருந்து பழங்காற்று வெடித்து வெளியேறும் சத்தம், எண்ணெயில் ஏதோ பொரிவதுபோல, சுற்றிலும் கேட்டுக்கொண்டே வந்தது. தொலைவில் கஸ்தூரி எருதுகள் மூன்று, சரிவில் அசையாமல் நின்றன.

கரையில் ஒரு பழைய வேட்டைக் குடிசை. தார்த்தாள் கிழிந்து தொங்கியது. ஊரிலிருந்து இவ்வளவு உள்ளே குளிர்காலத்தில்கூட யாரும் வருவதில்லை.

கதவு உள்ளே தாழிடப்படவில்லை. நிவி துப்பாக்கிக் குழலால் தள்ளினாள்.

சீல் கொழுப்பின் நாற்றம். மண்ணெண்ணெய். அதற்கடியில் ஈரமான ஆளின் நாற்றம்.

வேட்டைக்காரன் ஒரு குடிசையை விட்டுப் போகும்போது எப்படி விட்டுப் போகவேண்டுமோ அப்படி இருந்தது எல்லாம். பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. அடுத்து வருபவனுக்காக அடுப்பில் விறகுச் சிராய்கள் அடுக்கியிருந்தன. பலகைக் கட்டிலில் இறகுகளைக் குவித்து யாரோ படுத்திருந்த பள்ளம்.

ஆணியில் ஒரு ஜோடி கரடித்தோல் கையுறை தொங்கியது. கட்டைவிரலில் சிவப்பு நூல் தையல்.

அந்தத் தையலைப் போட்டவள் நிவி.

"அவன் இங்க வந்திருக்கான்," என்றாள். "அண்ணே, அவன் தண்ணியில போகல."

எனோஸ் குனிந்தான். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தகர டப்பாவை இழுத்தான். அதில் நிறைய முட்டை ஓடுகள். வெள்ளை, பெரியவை. காட்டு வாத்தின் முட்டை. அவன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

வாத்துகள் மே மாதக் கடைசியில்தான் வரும். முட்டையிட ஜூன் ஆகிவிடும்.

பெயர் வைத்தது ஏப்ரலில்.

"உயிரோட இருந்திருக்கான்," என்றான் எனோஸ், மெல்ல. "பனி உடைஞ்சு வழி இல்லாம, இங்க கிடந்து முட்டையத் தின்னு... இருந்திருக்கான். நாம அவன் பேரை எடுத்துட்டோம், நிவி. இருக்கறவன்கிட்டேருந்து எடுத்துட்டோம்."

"அப்ப அவன் எங்க?"

இடுப்பில் ரேடியோ கரகரத்தது. கப்பலிலிருந்து தலைமை வழிகாட்டி பிர்த்தே. மூடுபனி இறங்குகிறது, இன்றைக்குக் கரையிறக்கம் இல்லை, உடனே திரும்புங்கள் என்றாள்.

வெளியே வந்தபோது எருதுகள் இல்லை. சரிவே இல்லை. இருட்டாகியிருந்தால்கூடத் தேவலை. நடுப்பகல் வெளிச்சம் முழுக்க அப்படியே இருந்தது. அதில் பார்ப்பதற்குத்தான் எதுவும் இல்லை. பனிக்கட்டிகள் பொரியும் சத்தமும் நின்றுபோயிருந்தது.

படகை நோக்கி நடந்தார்கள். கூழாங்கல்லில் இரண்டு பேரின் காலடி.

பிறகு மூன்று பேரின் காலடி.

எனோஸ் அவள் முழங்கையைப் பற்றினான். "திரும்பாத."

"அக்கா."

சாலிக்கின் குரல். சிறு வயதில் இருட்டில் விழித்துக்கொண்டு அவளைத் தேடுவானே, அந்தக் குரல்.

"அக்கா, என்னைக் கூப்பிடேன். என்னை எப்படிக் கூப்பிடுவன்னு மறந்துபோச்சு."

நிவியின் மார்பு கனத்தது. அவள் விரும்பாமலே பால் சுரந்து சட்டையை நனைத்தது, குழந்தையின் அழுகையைக் கேட்டதுபோல. வாய் திறந்தது. எனோஸ் தன் கையுறையால் அதை இறுகப் பொத்தினான்.

"சொல்லாத," என்றான் காதருகே. "சொன்னா பேரு அவன்கிட்டப் போயிடும். வீட்டுல இருக்கறது வெறும் உடம்பா மிஞ்சிடும். உன் புள்ளய நெனச்சுக்கோ."

"குளிருதுக்கா. ஒரே ஒருதரம் கூப்பிடு."

அவள் அழுதாள். கூப்பிடவில்லை. படகில் ஏறி, இயந்திரம் உயிர்பெற்று, கரை வெண்மைக்குள் மறையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். தம்பியைக் கரையில் தனியாக விட்டுவிட்டுத்தான் வந்தாள். அது அவளுக்குத் தெரியும்.

கப்பலில் ஏறியதும் எனோஸ் சொன்னான்: "குனுக்குக்குச் சொல்லு. முதல்ல சொல்லு. வேற பேரு வைக்கிறவரைக்கும் அந்தப் பேரை யாரும் வாயில எடுக்கக் கூடாது."

மேல்தளத்தில் மட்டும்தான் தொலைபேசி எடுக்கும். ஓடினாள். பயணிகள் கம்பியோரம் நின்று, கப்பலை ஒட்டி மிதந்துவந்த ஒரு நீலப் பனிப்பாறையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கூரையில்லாத வீடு போல இருந்தது அது. காற்றசையாத அமைதி. தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது.

நிவி எண்ணை அழுத்தினாள். பழக்கத்தில் விரல் ஒலிபெருக்கியையும் அழுத்தியது. மணி அடித்தது. பின்னால் குழந்தையின் மழலை கேட்டது.

"குனுக், நான் சொல்றதக் கேளு, அந்தப்..."

அவனுக்கு அது சரியாகக் கேட்கவில்லை. எப்போதும் சொல்வதையே, சிரித்துக்கொண்டே, உரக்கச் சொன்னான்.

"சாலிக்! அம்மா பேசுறா பாரு!"

பனிப்பாறையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆண்குரல் பதில் சொன்னது.

"ம்."

நெடுநாள் தேடியது கிடைத்தவன்போல, நிம்மதியாக.

பயணிகள் சிலர் எட்டிப் பார்த்தார்கள். பனிப்பாறை மெல்லத் திரும்பியது. அங்கே ஒன்றுமில்லை.

தொலைபேசியில் மழலை நின்றுபோயிருந்தது.

"என்னாச்சு இவளுக்கு?" என்றான் குனுக். "இப்பத்தானே சிரிச்சுக்கிட்டிருந்தா. நிவி? இருக்கியா?"

குழந்தை உயிரோடுதான் இருக்கிறது. கொடுத்தால் குடிக்கிறது, படுக்கவைத்தால் தூங்குகிறது. மருத்துவமனையில் காதைச் சோதித்து, குறை எதுவும் இல்லை என்றார்கள். தேவாலயத்தில் வேறு பெயர் வைத்தார்கள். அது ஒட்டவில்லை. இன்னொன்று வைத்தார்கள். அதுவும் ஒட்டவில்லை. எந்தப் பெயருக்கும் குழந்தை திரும்புவதில்லை. சிரிப்பதில்லை, அழுவதுமில்லை. அழாத குழந்தைக்கு நிவியிடம் பாலும் வற்றிவிட்டது.

எனோஸ் இப்போதெல்லாம் அந்த வீட்டைத் தாண்டும்போது வேடிக்கை பேசுவதில்லை.

நிவி எதையும் இரண்டு முறை பார்க்கிறவள். அவளால் சும்மா இருக்க முடியவில்லை. ஒருநாள் மதியம், சமையலறையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, காதோடு காதாகப் பழைய பெயரைச் சொல்லிப் பார்த்தாள்.

குழந்தை அசையவில்லை.

வெளியே, துறைப் பக்கமிருந்து, "ம்" என்று பதில் வந்தது.

மறுபடி, இன்னும் மெதுவாக, உதடு மட்டும் அசையச் சொன்னாள்.

இந்த முறை பதில் வாசற்கதவுக்கு அப்பாலிருந்து வந்தது. கூடவே, வீட்டுக்குள் நுழைகிறவன் செய்வதுபோல, காலணிப் பனியை உதறும் சத்தம்.