ஒரு நாள் முன்னதாக மூடிய பெட்டி

காலை பத்து மணி. பட்டறை மேஜையின் இழுப்பறை காலியாகக் கிடந்தது. போனைக் காணவில்லை.

தொலைந்த போனுக்கெல்லாம் அந்த ஊர் ஸ்டேஷனின் பெண் இன்ஸ்பெக்டர் நேரில் போகிறவர் அல்ல. ஆனால் போன வருஷம் விபத்தில் இறந்த மகள் கடைசியாக அனுப்பிய குரல் பதிவு அதில் மட்டும்தான் இருந்தது என்று ஒரு தகப்பன் ஸ்டேஷனில் நின்று அழுததைப் பார்த்த பிறகு, அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தகப்பன், கார்களுக்கு, பாட்டை அதிர ஒலிக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி செய்யும் 'மாஸ்டர்'. பெட்டிக்குள் எத்தனை லிட்டர் காற்று நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஸ்பீக்கரின் காந்தம் அடைக்கும் இடத்தைக்கூடக் கழித்துத்தான் பலகை அறுப்பார். மகள் போனதிலிருந்து வீட்டுக்கே போவதில்லை, படுக்கை பட்டறையில்தான்.

"விடியக்காலையில அவ குரலைக் கேட்டேன்மா. குளிச்சிட்டு வர்றதுக்குள்ள காணோம்."

"அப்ப இங்க யாரு?"

"மச்சான் கடையைத் திறந்தான். என் சம்சாரம் டிபன் கொண்டு வந்தா."

டிபன் திறக்கப்படாமல் அப்படியே இருந்தது.

மச்சானுக்குப் பார்த்தவுடனே சந்தேகப்படத் தோதான முகம்.

"அந்த போன் தொலைஞ்சா நல்லதுன்னு சொன்னியாமே?"

"சொன்னேன் மேடம். மனுஷன் அதைக் கேட்டுக் கேட்டே பாதியாயிட்டாரு. அதுக்காக எடுப்பேனா?"

மாஸ்டரின் மனைவி மூலையில் கார்பெட் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். "நான் வெளிய துணி ஒட்டுறதோட சரிம்மா. உள்வேலையெல்லாம் இவங்க ரெண்டு பேர்தான்."

அதற்குள், எட்டிப் பார்க்க வந்த டாக்சிக்காரர், தன் பெட்டி முடிந்துவிட்டதென்று சந்தோஷமாக டிக்கிக்குத் தூக்கிப் போனார். அது கடந்து போகையில், வயர் துளையிலிருந்து குப்பென்று வினிகர் வாடை அடித்தது.

"என்ன வாடை இது?"

"எனக்கு வாடையே தெரியாதும்மா, பசையோட புழங்கி மூக்கு செத்துப்போச்சு," என்றார் மாஸ்டர். "இடுக்கு அடைக்கிற சிலிக்கான் பசையா இருக்கும். நேத்து சாயங்காலம் உள்மூலையெல்லாம் பூசினேன். ஒரு நாள் திறந்தே காயணும். ஈரத்தோட ஸ்பீக்கர் மாட்டினா அந்த ஆவியே அதைத் தின்னுடும். மச்சான் ஒரு தடவை மாட்டி, என்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்."

"அந்தப் பெட்டியில மாட்டியிருக்கே?"

மாஸ்டர் மச்சானைப் பார்த்தார். மச்சான் மாஸ்டரைப் பார்த்தான்.

"நீங்க மாட்டினீங்கன்னுல்ல நினைச்சேன்!"

"டாக்சிக்காரரே, பெட்டியை இறக்குங்க!" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஸ்க்ரூக்களைக் கழற்றி ஸ்பீக்கரைத் தூக்கினார்கள். உள்ளே, ஒரு துண்டு கார்பெட் துணியில் பத்திரமாகச் சுற்றி, போன்.

"உள்வேலை தெரிஞ்ச ரெண்டு பேரும் ஈரத்தோட மூட மாட்டாங்க. மூடினது, காயணும்னே தெரியாதவங்க," என்றார் இன்ஸ்பெக்டர். சொன்ன பிறகு, சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மனைவியின் கையிலிருந்த கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"கடையைத் திறந்துட்டு அவன் டீக்குப் போன நேரத்துல வச்சு மூடிட்டேன். தூக்கிப் போட மனசு வரலைம்மா. ஒரு வருஷமா இந்த மனுஷன் அதோடயே குடித்தனம் நடத்துறாரு. அவளுக்குப் பாட்டுன்னா உசுரு. எங்கேயாவது ஒரு கார்ல, பாட்டுக்கு நடுவுல இருக்கட்டும்னு..."

மாஸ்டர் கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவருக்கு அந்த நினைவே இல்லை. குரல் பத்திரமாக இருக்கிறதா என்ற பதைப்பில் போனை அழுத்தினார்.

"அப்பா, வேலை முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வாங்க. அம்மா சாப்பிடாம உங்களுக்காக உக்காந்திருக்காங்க."

தினம் தினம் கேட்ட குரல். குரலைக் கேட்டாரே தவிர, அது சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. மாஸ்டர் மெதுவாக மனைவியை ஏறிட்டுப் பார்த்தார். கன்னம் ஒட்டி, கையில் வளையல் முழங்கை வரை இறங்கும் அளவுக்கு அவள் இளைத்திருந்தது இப்போதுதான் கண்ணில் பட்டது.

"நீ சாப்பிட்டியா?"

ஒரு வருஷமாக யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. வெட்டிய துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள்.