ஆறாத கம்பி

உலையை நிறுத்தினால், சூடான கம்பி ஆறும்போது டிக் டிக்கென்று முனகும். அன்று முனகவில்லை.

ஒரகடம் தாண்டி, வயலை மேடாக்கிப் போட்ட தகரக் கொட்டகை. நடுப்பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை ஊற்ற, கருகிய எண்ணெய் வாடையும் ஈரமண் வாடையும் கலந்து மூச்சை அடைக்க, சுப்பராயன் சூடு காட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். விரல் நீளக் கம்பியை இரு முனையிலும் கவ்வி, சிவக்கக் காய்ச்சி, சூடு ஏறாமல் இறங்காமல் நிறுத்தி, கண்ணை மூடித் திறப்பதற்குள் இழுத்து அறுத்துப் பலம் பார்க்கிற மெஷின் அது. அந்தச் சூட்டைக் காப்பதுதான் அவன் வேலை. மனசு மட்டும் படப்பை டாக்டர் வீட்டில் கிடந்தது. மகள் ரஞ்சனிக்குக் கடும் ஜுரம்.

உலை அணைந்திருக்க, முள் ஏறிக்கொண்டிருந்தது.

மேஜையில் போன் அடித்தது. மனைவி அம்சவல்லி.

"ஜொரம் ஏறிக்கினே போவுதுங்க. புள்ள கண்ணத் தொறக்க மாட்டேங்குது."

ஐ.டி.ஐ. படித்தவன், இந்த முள்ளையும் அந்த ஜுரத்தையும் முடிச்சுப் போடுவானா? ஆனால் கை கேட்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, காற்றுக் குழாயை மெல்லத் திறந்து கம்பியின் மேல் விட்டான். முள் இறங்கியது. புள்ளைக்கு வேர்க்கிறது, தண்ணீர் கேட்கிறாள் என்று அம்சவல்லி அவன் வயிற்றில் பால் வார்த்தாள். நம்பாமல் குழாயை மூடினான். முள் எழும்பியது. மறுமுனையில் அவள் ஓவென்று அழுதாள்.

மறுபடி திறந்தான். கொஞ்சம் கொஞ்சமாக, முள்ளை வழக்கமான கோட்டிற்குக் கொண்டுவந்து அசையாமல் நிறுத்தினான். பிள்ளை கண் திறந்துவிட்டாளாம். இனி சாகும்வரை இங்கேயே நின்றாலும் சரி என்று நினைத்தான்.

அப்போதுதான் இன்ஜினியர் ஜீவானந்தம் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். கோட்டில் நிற்கும் முள்ளைப் பார்த்து, பலே என்று தோளைத் தட்டினார். இழுக்க வேண்டாம் என்று சுப்பராயன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். மகள் கதையைச் சொன்னான்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க. தள்ளுப்பா."

சுவிட்சைத் தட்டினார்.

கொட்டகை அதிர்ந்தது. கம்பி அறவில்லை. நீண்டது. நடுவில் பாகு மாதிரி மெலிந்தது. ஜீவானந்தம் மெயினை அணைத்தார். மெஷின் நின்றது.

கம்பி நிற்கவில்லை.

மெல்ல. இன்னும் மெல்ல. இழுப்பாரில்லாமல்.

"ஏங்க," என்றது போன். "புள்ள ஒடம்பு... ஏங்க, இன்னாமோ ஆவுது..."

சுப்பராயன் பாய்ந்தான். சிவந்த கம்பியின் இரு பக்கத்தையும் வெறுங்கையால் பிடித்து, நடுவை நோக்கி அழுத்தினான். தோல் பொசுங்கியது. விடவில்லை. ஜீவானந்தம் இடுப்பைப் பிடித்து இழுத்தார். விடவில்லை.

மழை. கறி தீயும் வாடை. மேஜையில் கிடந்த போனில் அம்சவல்லி திரும்பத் திரும்ப அவனைக் கூப்பிட்டாள். அவன் உள்ளங்கைகளுக்கு நடுவே கம்பி நூலாகிக்கொண்டிருந்தது.