அரை மணி நேரத்தில் அறுநூறு ஜிபி

"இதுல என் வீட்டுக்காரர் எடுத்த படமெல்லாம் இருந்துச்சு சார். இப்ப ஒண்ணுமே இல்ல."

கைப்பையிலிருந்து டிஸ்க்கை எடுத்துத் துப்பறிவாளரின் மேசைமேல் வைத்தாள். தன் குரலே அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது அவளுக்கு. மூன்று வாரமாக அப்படித்தான். வேலைக்குப் போனாள், யாராவது பேசினால் தலையாட்டினாள். அழுகை மட்டும் வரவில்லை.

கணவன் ஒளிப்பதிவாளன். ஓர் ஆவணப்படத்துக்காகப் பாலம் கட்டுவதைப் படமெடுக்கப் போனவன் மேலிருந்து விழுந்து இறந்தான். கைப்பிடியைத் தாண்டிப் போனது அவன் தப்பு என்றது பாலம் கட்டும் கம்பெனி. அங்கே கைப்பிடி இருந்ததா இல்லையா என்பது கடைசி நாள் படத்தில் தெரிந்துவிடும். திங்கட்கிழமை விசாரணை.

"டிஸ்க் வீட்டுக்கு வந்தப்புறம் யார் தொட்டாங்க?"

"ரெண்டே பேர். புதன்கிழமை அந்த ஆவணப்படத்தோட டைரக்டர் நகல் எடுக்க வந்தார். நான் வேலையில இருந்தேன். கொழுந்தன்தான் கூட இருந்தான்."

துப்பறிவாளரின் மச்சான், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "டைரக்டர்தான்! மேல ஏறச் சொன்னதே அந்த ஆளாத்தான் இருக்கும். படம் வெளிய வந்தா மாட்டிக்குவார்ல?"

"கொஞ்சம் இரு மச்சான். வாய்க்கு ஓய்வு குடு."

மறுநாள் அவள் வீட்டில் டைரக்டரையும் கொழுந்தனையும் உட்காரவைத்துத் துப்பறிவாளர் கேட்டார்.

"பத்து மணிக்கு வந்தார், பத்தரைக்குக் கிளம்பினார்," என்றான் கொழுந்தன். "இந்தக் கம்ப்யூட்டர்லதான். அறுநூறு ஜிபியும் ஏறி முடிஞ்சதைப் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். அப்புறம் ஏதோ தட்டினார். அப்பதான் அழிச்சிருக்கணும்."

"முடியவே இல்ல சார்," என்றார் டைரக்டர். "ஆமை மாதிரி போச்சு. வேற வேலைக்கு நேரமாயிடுச்சுன்னு பாதியில நிறுத்திட்டேன். திரும்ப வரேன்னு தம்பிகிட்ட சொன்னேனே."

துப்பறிவாளர் மண்டியிட்டுக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் விளக்கடித்தார். டிஸ்க்கைச் செருகும் வேகமான நீல யுஎஸ்பி போர்ட்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தது.

"இது எப்ப உடைஞ்சதும்மா?"

"ரெண்டு வருஷமாச்சு. பக்கத்துல இருக்கற பழைய கறுப்பு போர்ட் ரெண்டைத்தான் பயன்படுத்துறோம். அதுல மெதுவாத்தான் ஏறும்."

அதில் ஒன்றில் தன் டிஸ்க்கைச் செருகி, பத்து ஜிபி படமொன்றை ஏற்றினார். மச்சான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் ஆனது.

"அப்ப அறுநூறு ஜிபிக்கு அஞ்சு மணி நேரம்!" என்றார் மச்சான்.

"ஆமா. அரை மணியில அறுபதுதான் ஏறும்." துப்பறிவாளர் டைரக்டர் கொண்டுவந்திருந்த டிஸ்க்கை வாங்கித் திறந்து காட்டினார். அறுபது ஜிபிதான் இருந்தது. கடைசிப் படம் நடுவில் அறுந்து நின்றது. "அழிக்கணும்னு வந்த ஆளுக்கு ஒரு நிமிஷம் போதும். அரை மணி உக்காந்து நகல் எடுக்க வேண்டியதில்ல. ஆனா நடக்கவே முடியாத ஒண்ணைக் கண்ணால பாத்தேன்னு ஒருத்தர் சொன்னார். ஏன் தம்பி?"

கொழுந்தன் எழுந்து உள்ளே போனான். வேறொரு டிஸ்க்கோடு திரும்பினான்.

"எல்லாத்தையும் இதுக்கு மாத்திட்டுத்தான் அதைக் காலி பண்ணேன் அண்ணி. அண்ணன் கேமராவை நிறுத்தாமலே நகர்ந்திருக்கான். அவன் விழுறது அதுல இருக்கு. அதை நீங்க பாக்கக் கூடாதுன்னுதான்... திங்கக்கிழமை நானே விசாரணையில குடுத்திருப்பேன். இவர் மேல பழி போட்டது தப்புதான்."

டைரக்டர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

"கைப்பிடி?" என்றார் துப்பறிவாளர்.

"இல்ல சார். வெறும் கயிறு கட்டியிருந்தாங்க."

கோபம் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. கொழுந்தன் முகத்தையே பார்த்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. மழிக்காத தாடி. ஒரே வீட்டில் இருந்தும் இத்தனை நாள் அவனை அவள் பார்க்கவே இல்லை.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எத்தனை தடவை?"

"எண்ணல அண்ணி. தினமும் ராத்திரி."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள்.

"இப்படி உக்காரு. படத்தைப் போடு. இனிமே அதை நீ தனியா பாக்க வேணாம்."